முந்நூறு வயதான புது வீணை

வடகரைச் சீமையை ஆண்ட கம்பீர ராயருக்கு ஒரே ஒரு பொருளின் மேல்தான் உயிர். அது அவருடைய தாயார் வாசித்த வீணை. ஐப்பசி மழையில் கூரை உத்தரம் ஒன்று சரிந்து, அந்த வீணையின் மேலேயே விழுந்தது. குடம் நொறுங்கிப்போயிற்று.

ராயர் இரண்டு வேளை சாப்பிடவில்லை. பிறகு, வீணை செய்வதில் பேர்பெற்ற தெய்வநாயகம் ஆசாரியை வரவழைத்தார்.

"ஆசாரியாரே, எனக்குப் புதிதாக ஒரு வீணை வேண்டும். ஆனால் அதில் பழைய நாதம் வரவேண்டும். எங்கள் அம்மா வீணையில் கேட்ட மாதிரி!"

"உத்தரவு, மகாராஜா" என்று சொல்லிவிட்டுப் போனார் ஆசாரி. வேறென்ன சொல்வது? நல்ல பலாமரமாகத் தேடி, கையாலேயே இழைத்து, குடைந்து, ஒரு வீணை கொண்டுவந்தார்.

ஆஸ்தான வித்வான் ஏகாம்பர பாகவதர் அதை ஒரு தட்டுத் தட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

"பச்சை மரம்! பழமையே இல்லை."

அடுத்த வீணை வந்தது. அதற்கும் அதே பிதுக்கல். மூன்றாவது வந்ததும் பாகவதர் கையால்கூடத் தொடவில்லை. தூரத்தில் இருந்தே தலையை ஆட்டிவிட்டார்.

காரணம் இல்லாமலா? பாகவதரின் மைத்துனர் வீட்டுப் பரணில் ஒரு கிழட்டு வீணை கிடந்தது. அதை மங்கிய பட்டுறைக்குள் போட்டுச் சபைக்குக் கொண்டுவந்தார்.

"முந்நூறு வருஷத்து வீணை, மகாராஜா! விலை சொல்லக்கூடாது. ஆனாலும், வயலூர் கிராமத்தை மானியமாக எழுதிக்கொடுத்தால் மைத்துனரைச் சம்மதிக்க வைத்துவிடுவேன்."

ராயர் யோசித்தார். பாகவதர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"முடியாததை முடியும் என்று மூன்று தடவை மகாராஜாவை ஏமாற்றிய இந்த ஆசாரியைச் சீமையில் வைத்திருப்பதே தப்பு" என்றார்.

ராயருக்கு முகம் சிவந்தது. "நாளைக்கு முடிவு சொல்கிறேன். ஆசாரியார் செய்த வீணையில் பழைய நாதம் இல்லையென்று உறுதியானால், அவர் குடும்பத்தோடு வடகரையை விட்டுப் போகவேண்டியதுதான்" என்று எழுந்துவிட்டார்.

ஆசாரி நேராக அப்பண்ணரிடம் ஓடினார். அரண்மனைக்கு வரும் விருந்தாளிகளைக் கவனிக்கும் அதிகாரி அப்பண்ணர். ராயரைக் கோபத்திலும் சிரிக்கவைக்கத் தெரிந்த ஒரே ஆள்.

"ஐயா, மரம் பழசாவதற்கு வருஷக்கணக்கில் ஆகும். நாளைக்குள் நான் எங்கே போவேன்?"

"நீர் எங்கேயும் போகவேண்டாம். வீணையை மட்டும் விட்டுப் போம். ராணியம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்."

மறுநாள் சபையின் நடுவே ஒரு திரை தொங்கியது. அதற்குப் பின்னால் ராணி செங்கமலத்தம்மாள் உட்கார்ந்திருந்தார். மாமியாரிடமே வீணை கற்றவர்.

அப்பண்ணர் கைகூப்பினார். "மகாராஜா, கண்ணால் பார்த்தால் மனசு ஒரு பக்கம் சாயும். அதனால் திரை. ராணியம்மா இரண்டு தடவை வாசிப்பார்கள். பழமை எதில் இருக்கிறது என்று பாகவதர் சொல்லட்டும்."

"இது எனக்கு ஒரு சோதனையா? நன்றாகச் சொல்கிறேன்!" என்று பாகவதர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார்.

வீணை ஒலித்தது. பாகவதர் பாதியிலேயே கையை உயர்த்தினார்.

"போதும், போதும். நேற்று வெட்டிய மரம். காதில் ஈரம் ஒட்டுகிறது!"

ஓரத்தில் நின்ற ஆசாரி அப்பண்ணரைப் பார்த்தார்.

"அப்படியானால் இரண்டாவது" என்றார் அப்பண்ணர்.

திரைக்குள் பட்டுறையை உதறும் சத்தம் கேட்டது. தூசி மேலே கிளம்பி வந்தது. தோழிப்பெண் ஒருத்தி 'அச்' என்று தும்மினாள். அதன் பிறகு அதே பாட்டு.

பாகவதர் கண்ணை மூடினார். "ஆகா! இதுவல்லவா நாதம்! முந்நூறு வருஷம் பேசுகிறது, மகாராஜா!"

ராயரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அம்மா வாசித்த மாதிரியே இருக்கிறது. திரையை விலக்குங்கள்!"

திரை விலகியது. ராணியின் மடியில் ஆசாரியின் வீணை இருந்தது. பக்கத்தில் காலி பட்டுறை. வேறு வீணையே இல்லை.

"எங்கள் வீணை எங்கே?" என்று பதறினார் பாகவதர்.

"பத்திரமாகப் பெட்டகசாலையில் இருக்கிறது. உறையை மட்டும்தான் வாங்கிவந்தேன்" என்றார் அப்பண்ணர்.

"அப்படியானால் முதலில் வாசித்தது?" ராயரின் குரல் கனத்தது.

"இதுதான்" என்றார் ராணி.

"இரண்டாவது?"

"அதுவும் இதுதான்."

ஏமாந்தது பாகவதர் மட்டும் இல்லையே! ராயர் அப்பண்ணரை முறைத்தார்.

"ஓய், என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டே இல்லை, மகாராஜா. தாங்கள் கேட்டது புது வீணை, பழைய நாதம். ஆசாரியார் கொண்டுவந்தபோது இது பச்சை மரம். பாகவதரே சாட்சி. ஒரு தும்மல் தும்முவதற்குள் இதற்கு முந்நூறு வயசு ஆகிவிட்டது. அதற்கும் பாகவதரே சாட்சி. இவ்வளவு சீக்கிரம் பழசாகிற வீணையை உடனே வாங்கிவிடுங்கள், மகாராஜா. சாயங்காலம் வரை விட்டால் உளுத்துப்போய்விடும்!"

ராணிதான் முதலில் சிரித்தார். அடக்கிப் பார்த்தும் முடியாமல் ராயரும் வெடித்துச் சிரித்தார். கிரீடம் சரிய, அதைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். வயலூர் மானியம் அன்றைக்கே தெய்வநாயகம் ஆசாரியின் பேரில் எழுதப்பட்டது. ராயரின் கழுத்தில் கிடந்த முத்துமாலை அப்பண்ணரின் கழுத்துக்கு வந்தது. பாகவதர் மட்டும் மைத்துனரின் வீணையைத் தானே சுமந்துகொண்டு, உறை கேட்கக்கூட நிற்காமல் வீட்டுக்கு நடந்தார்.