புகார் வராத பாட்டில்

சைக்கிளில் பானை கட்டி நார்த்தங்காய் ஊறுகாய் விற்கத் தொடங்கியவர் ஆவுடையப்பன். இன்று மூன்று மாவட்டத்துக் கடைகளில் அவர் பாட்டில் இருக்கிறது. அந்த முதல் பானைக்குக் காய் நறுக்கியவள் அவர் மனைவி செண்பகவல்லி.

ஒரு சனிக்கிழமை, தானே காரை ஓட்டிக்கொண்டு மலையடிவார மடத்துக்கு வந்தார். மடத்துச் சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் ஆவுடையப்பனுக்குக் குரு அவர்தான்.

வழக்கம்போல ஒரு பாட்டிலைச் சாமியின் முன்னால் வைத்தார்.

"வாங்க முதலாளி. அம்மா வரலையா?"

"மகன் வீட்டுக்குப் போயி மூணு மாசமாச்சு சாமி. இனிமே நம்ம வீட்டுக்கு வரப்போறதில்லையாம். அதையும் மகன்தான் போன்ல சொல்றான்."

சாமி பாயை விரித்தார்.

"முப்பத்தொரு வருஷத்துல ஒரு குறை சொன்னவ இல்ல. பொங்கலன்னிக்குக்கூட நான் கம்பெனியிலதான் கிடப்பேன். ஏன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. இப்ப சமைச்சு வைக்க ஆள் இருக்கு, உட்கார்ந்து திங்க நான் ஒருத்தன்தான். அவ ஏன் போனா சாமி?"

சாமி பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பினார்.

"இது என்ன நம்பர்?"

"பேட்ச் நம்பர். ஒரு தடவை போடுற ஊறுகாய்க்கு ஒரு நம்பர். ஒவ்வொரு பேட்ச்லயும் ஒரு பாட்டிலை எடுத்து அலமாரியில வச்சிருவோம். எழுநூறு பாட்டில் இருக்கு, நூல் பிடிச்ச மாதிரி." வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் குரல் நிமிர்ந்தது.

"வச்சு?"

"யாராவது புகார் சொன்னா, அந்தப் பேட்ச் பாட்டிலைத் திறந்து பாக்கணும்ல."

"யாரும் சொல்லலைன்னா?"

"அப்புறம் எதுக்குத் திறக்கணும்? நல்லாத்தான் இருக்கும்."

"ருசி பாத்தீங்களா?"

ஆவுடையப்பன் சிரித்தார். "நல்லா கேட்டீங்க போங்க. புகார் இல்லாம மூடி சீல் உடைக்கறது எங்க வழக்கத்துலயே இல்ல."

"கடைசியில அதையெல்லாம் என்ன செய்வீங்க?"

"தேதி முடிஞ்சா திறக்காமலே அப்படியே கொண்டுபோயி குழியில…"

சாமியின் கையிலிருந்த பாட்டிலையே பார்த்தார்.

வெளியே மாட்டின் கழுத்துமணி கேட்டது. பிறகு அதுவும் ஓய்ந்தது.

சாமி பாட்டிலை அவர் கையில் கொடுத்தார்.

"தேதி பாத்துச் சொல்லுங்க முதலாளி. இன்னும் நாள் இருக்கா?"

ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்போதும் எழுத்து தெரியவில்லை.