தனித் தட்டில் ஒரு கடலை உருண்டை

கோவில்பட்டியில் எஸ்தர் என்று ஒரு டீச்சர் இருந்தார். பள்ளிக்கூட டீச்சர் இல்லை. சனிக்கிழமை காலையில் நாலைந்து பேரைத் தன் வீட்டுச் சமையலறையில் கூட்டி வைத்து, சீனி போடாமல், பாகு காய்ச்சாமல் இனிப்பு செய்யச் சொல்லித் தருவார். கடலைமிட்டாய்க்குப் பேர்போன ஊரில் இப்படி ஒரு வகுப்பு நடத்தக் கொஞ்சம் தைரியம் வேண்டும். ஆனாலும் ஆள் வந்தது. மிட்டாய் ஊரிலும் சுகர்காரர்களுக்குப் பஞ்சமில்லை.

எஸ்தருக்கு வயது முப்பத்து மூன்று. இந்தக் கதையில் வரும் சீடருக்கு அறுபத்து நான்கு.

சீடரின் பெயர் கோமதிநாயகம். மின்வாரியத்தில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்ததே தவிர ஆய்வு ஓயவில்லை என்று அவர் மனைவி செண்பகம் சொல்வதுண்டு.

முதல் நாள் வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"டீச்சர், கடலைமிட்டாய் மாதிரியே ஒண்ணு வேணும். தின்னா சுகர் ஏறக் கூடாது. முடியுமா?"

"உங்களுக்கா சார்?"

"எனக்கு ஒரு நோயும் கிடையாது. என் சம்சாரத்துக்கு."

எஸ்தர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். உட்கார்ந்ததும் எல்லாம் வந்துவிட்டது. செண்பகத்துக்குக் கால் விரலில் புண். மாதக் கணக்கில் ஆறவில்லை. அடுத்த முறை வரும்போது சுகர் இறங்கியிருக்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோமதிநாயகம் சமையலறையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். அலமாரிக்குப் பூட்டு, சாவி தன் இடுப்பில். அப்படியும் சுகர் இறங்கவில்லை.

"பட்டுச்சேலை மடிப்புக்குள்ள மிட்டாய்க் காகிதம் இருக்கு டீச்சர். கேட்டா, நான் திங்கவே இல்லைன்னு சாதிக்கா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்கிட்ட ஒரு பொய் சொன்னவ இல்ல அவ."

குரல் கோபமாகத்தான் இருந்தது. ஆனால் மனிதர் பயந்து போயிருந்தார். பயம் வந்தால் கோபப்படுவது அவருக்குப் பழக்கம்.

"ஏதாவது சொல்லுங்க டீச்சர்."

எஸ்தர் ஒரு கிண்ணம் பச்சை வேர்க்கடலையை அவர் கையில் கொடுத்தார்.

"வறுங்க."

கோமதிநாயகம் தீயைக் கூட்டி வைத்து வறுத்தார். கடலை ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாகவே இருந்தது.

"மறுபடி."

தீயைக் குறைத்து வறுத்தார். தோலைத் தேய்த்து, முறத்தில் புடைத்து, மிக்ஸியில் போட்டார். கடலை முதலில் மாவானது. பிறகு கட்டி கட்டியாகத் திரண்டு ஜாரின் ஓரத்தில் அப்பிக்கொண்டது. நடுவில் பிளேடு வெறுமனே சுற்றியது. அவர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். டம்ளரில் இருந்த தண்ணீரைக் கொஞ்சம் உள்ளே ஊற்றினார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மனைவிக்குப் புண் வந்த பிறகு, இந்த வயதில், சட்னி அரைக்கக் கற்றுக்கொண்டவர். மிக்ஸி சுற்றாவிட்டால் தண்ணீர் விட வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த மொத்தப் பாடம்.

ஜாரில் இருந்தது இறுகிப் போய்விட்டது. கரண்டி உள்ளே போகவில்லை.

"தண்ணி விட்டீங்களா?"

"கொஞ்சம்போல. சுத்த மாட்டேங்குதே டீச்சர்."

"சட்னிக்கு விடலாம். இதுக்குச் சொட்டு தண்ணி ஆகாது. கடலை அதோட எண்ணெயைத் தானே விடும்."

"விடலையே. பிறகு என்ன செய்ய?"

"நிறுத்துங்க."

"நிறுத்திட்டு?"

"ஜார் ஆறட்டும். ஓரத்தை வழிச்சு விட்டு மறுபடி சுத்துங்க."

"எப்ப வெண்ணெய் மாதிரி ஆகும்?"

"ஆகும்போது."

குருமார்கள் காலம் காலமாக இப்படித்தான் பதில் சொல்லிச் சீடர்களைப் பாடாய்ப் படுத்துகிறார்கள். கோமதிநாயகம் முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு கிண்ணம் கடலையை வறுத்தார். நிறுத்தினார், வழித்தார், சுற்றினார். வெறுத்துப்போய் விட்டுவிடலாம் என்று நினைத்த நேரத்தில் கட்டி தளர்ந்து, பளபளவென்று எண்ணெய் விட்டு, ஜாருக்குள் குழம்பு மாதிரி சுழல ஆரம்பித்தது.

"வந்துட்டு டீச்சர்!" என்று கத்தினார். பக்கத்தில் கொப்பரை துருவிக்கொண்டிருந்த சண்முகவடிவு திடுக்கிட்டுத் திரும்பினாள். அவளும் சீடர்களில் ஒருத்திதான்.

மிச்சமெல்லாம் சுலபம். ஒன்றிரண்டாக உடைத்த கடலை, ஆளிவிதைப் பொடி, கொப்பரைத் துருவல், ஏலம், சுக்கு, ஒரு சிட்டிகை உப்பு, இனிப்புக்குத் துளி சீனித்துளசி இலைப் பொடி; அது சுகரை ஏற்றாது. எல்லாவற்றையும் கடலை வெண்ணெயில் பிசைந்து உருட்டி ஃப்ரிட்ஜில் வைத்தார்கள். இறுகியதும் கோமதிநாயகம் ஒன்றை வாயில் போட்டு மென்றார்.

"கடலைமிட்டாய் இல்ல. ஆனா நல்லாருக்கு."

உள்ளதை உள்ளபடி எழுதியே பழகிய ஆய்வாளர். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிய விஷயம்.

அடுத்த சனிக்கிழமை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"அவ திங்க மாட்டேங்கா டீச்சர்."

"ருசி பிடிக்கலையாமா?"

"நல்லாருக்குங்கா. ஒரு கடி கடிச்சுட்டு வச்சிருதா. இனிப்பு பத்தலையோ?"

"இனிப்பு சரியாத்தான் இருந்துச்சு."

அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. சீனித்துளசியைக் கூட்டினார். பிறகு குறைத்தார். உருண்டையாக இருப்பதுதான் தப்போ என்று மிட்டாய் மாதிரி சதுரமாக வெட்டிப் பார்த்தார். எள் வறுத்துப் போட்டார். ஒவ்வொரு வாரமும் ஒரு டப்பாவில் கொண்டுவந்து எஸ்தருக்குக் கொடுப்பார். எஸ்தர் தின்று பார்த்துவிட்டு ஒரே பதிலைச் சொல்வார்.

"ருசி சரியா இருக்கு சார்."

"சரியா இருந்தா ஏன் திங்கல? இந்த வாரம் பீரோவுக்குப் பின்னால கிடக்கு மிட்டாய்க் காகிதம். டாக்டர்கிட்ட போற நாள் வேற நெருங்கிட்டு. நான் என்னதான் செய்ய?"

அவர் கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொண்டு, மிக்ஸி சூடு என்று ஒரு காரணமும் சொன்னார். யாரும் நம்பவில்லை.

எஸ்தர் முதல் தடவையாக வேறொன்று கேட்டார்.

"அதை எப்படி சார் குடுக்கீங்க?"

கோமதிநாயகம் நிமிர்ந்தார். அவர் பெருமைப்பட்டுக்கொள்ளும் விஷயம் இது.

"அவளுக்குன்னே தனியா ஒரு சில்வர் தட்டு வாங்கினேன். அவ பேரையும் வெட்டி வச்சிருக்கேன். மாத்திரை குடுக்கும்போது அந்தத் தட்டுல ஒரு உருண்டை. ஒண்ணுதான், அதுக்கு மேல கிடையாது. தின்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிப்பேன்."

"அவங்க என்ன சொல்லுவாங்க?"

"'மருந்தோட மருந்தா இதையும் வச்சிட்டுப் போங்க'ம்பா."

"நீங்க திங்க மாட்டீங்களா?"

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் சுகர் இல்லையே."

"நீங்க இனிப்பே சாப்பிடுறதில்லையா சார்?"

கோமதிநாயகம் கொஞ்சம் தயங்கினார். "சாயங்காலம் டீக்கடையில ஒரு கடலைமிட்டாய். அவ முன்னால தின்னா ஏங்கிப் போவால்லா? அதான், வெளியவே முடிச்சுட்டு வந்துருவேன்."

"சரி" என்றார் எஸ்தர். அவ்வளவுதான். எழுந்து வகுப்பைத் தொடங்கிவிட்டார்.

அன்றைக்குப் பாடம் புதிது. கடலை வெண்ணெயோடு தேங்காய் எண்ணெயும் கோகோ பவுடரும் கலந்து, ட்ரேயில் ஊற்றி, ஃப்ரீசரில் இறுக வைத்து வெட்டுவது. எல்லோரும் சேர்ந்து செய்தார்கள். வெட்டியதும் எஸ்தர் ஒரு பெரிய தாம்பாளத்தில் துண்டுகளை அடுக்கி நடுவில் வைத்தார். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொன்று எடுத்தார்கள்.

கோமதிநாயகமும் கையை நீட்டினார்.

"சார், அது எங்களுக்கு. உங்களுக்கு இது" என்று எஸ்தர் ஒரு சின்னத் தட்டை அவர் முன்னால் வைத்தார். அதில் ஒரே ஒரு துண்டு இருந்தது.

"இது என்ன, வேறயா?"

"உங்க உடம்புக்கு இதுதான் சார் நல்லது. சாப்பிடுங்க."

சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

தாம்பாளத்தைச் சுற்றி ஒரே சிரிப்பு. ஒருத்தி விரலை நக்கிக்கொண்டே மாமியார் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். சண்முகவடிவு இரண்டாவது துண்டை எடுக்கப் போனவள், கோமதிநாயகத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள். "பாவம்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது.

கோமதிநாயகம் துண்டை எடுத்து ஒரு ஓரத்தைக் கடித்தார். மென்றார். எஸ்தர் பார்த்துக்கொண்டே இருந்தார். மிச்சத்தைக் கோமதிநாயகம் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"என்ன சார், ருசி சரியில்லையா?"

"ருசியெல்லாம் சரிதான்."

"பிறகு ஏன் வச்சிட்டீங்க? முழுசா சாப்பிடுங்க. உங்க நல்லதுக்குத்தானே சொல்லுதேன்."

கோமதிநாயகத்தின் முகம் சிவந்துவிட்டது.

"என்ன டீச்சர் இது? எல்லாரும் அங்க தின்னுக்கிட்டு இருக்கும்போது எனக்கு மட்டும் தனியா ஒண்ணு வச்சு, நின்னு பாத்துக்கிட்டு... நான் என்ன நோயாளியா?"

தாம்பாளத்தைச் சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த அறையில் அவரைத் தவிர அத்தனை பேருக்கும் சுகர். சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

எஸ்தர் அந்தச் சின்னத் தட்டில் இருந்த துண்டை எடுத்து இரண்டாக விண்டு, ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டும் ஒரே ட்ரேயில வெட்டினதுதான் சார்."

கோமதிநாயகம் தலையாட்டினார்.

எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்தார். மெல்லப் பேசினார்.

"எனக்கு ஒம்பது வயசுல சுகர் வந்துச்சு. அப்ப இருந்தே ஊசிதான். கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுத் தாம்பாளத்துல முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம்னு குமிஞ்சு கிடக்கும். எங்க அம்மா எனக்குன்னு தனியா, சீனி இல்லாம, இதே கடலையை இடிச்சு உருண்டை பிடிப்பாங்க. ரொம்பப் பிரியமாச் செய்வாங்க. ஒரு குட்டிக் கிண்ணத்துல வச்சுக் கையில குடுத்து, அந்தப் பக்கம் போய்த் தின்னு, இங்க நின்னா ஆசை வரும்னு சொல்லுவாங்க."

"நல்லாருக்குமா?"

"ரொம்ப நல்லாருக்கும்."

"தின்னீங்களா?"

"ஆட்டுக்குட்டி தின்னுச்சு. நான் தாம்பாளத்துல இருந்து முந்திரிக்கொத்தை எடுத்துப் பாவாடைக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிடுவேன். ரெண்டு கிறிஸ்துமஸ் ஆஸ்பத்திரியிலதான் போச்சு."

சண்முகவடிவு சிரித்துவிட்டாள். அவளிடமும் இப்படி ஏதாவது கதை இருந்திருக்க வேண்டும். கோமதிநாயகம் சிரிக்கவில்லை.

"அம்மா அடிச்சாங்களா?"

"அடிச்சாங்க. அழுதாங்க. பூட்டி வச்சாங்க. நான் ஒளிச்சு வைக்கிற இடத்தை மாத்தினேன்."

கோமதிநாயகத்தின் கை தன்னையறியாமல் இடுப்புச் சாவியைத் தொட்டது.

"பிறகு எப்படி டீச்சர் அதை விட்டீங்க?"

எஸ்தர் தாம்பாளத்தில் இருந்த கடைசித் துண்டுகளை ஒரு டப்பாவில் எடுத்து வைத்து மூடினார். அதை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"ஒரு வருஷம் எங்க சித்தி ஊர்ல இருந்து வந்திருந்தாங்க. எல்லாரும் தாம்பாளத்தைச் சுத்தி இருக்காங்க. சித்தி மட்டும் என்னைத் தேடிக்கிட்டு அந்தப் பக்கம் வந்தாங்க. என் கிண்ணத்தை எட்டிப் பாத்தாங்க. கையை நீட்டி, 'ஏட்டி, எனக்கு ஒண்ணு தாயேன்'னு கேட்டாங்க. நான் குடுத்தேன். அன்னைக்குத்தான் சார் நானும் ஒண்ணு தின்னேன்."

கோமதிநாயகம் டப்பாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். செண்பகத்திடம் தான் எப்போதாவது கை நீட்டி ஒன்றைக் கேட்டு வாங்கித் தின்றதுண்டா என்று யோசித்துப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் கேட்கும்படி அவள் வைத்ததே இல்லை. கேட்பதற்கு என்ன வார்த்தை சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.