மூச்சு வாங்கிய மந்தி

மலைப்பாதை வளைவில் ஒரு மந்தி தனியாக இருந்தது. அதன் கூட்டம் ஆற்றுக்கு அக்கரைக் காட்டில் இருந்தது. மாலையானால் குட்டிகள் சண்டையிடுவதும் தாய்கள் அதட்டுவதும் தண்ணீரைக் கடந்து கேட்கும். மந்தி இக்கரையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

கோடைத் தொடக்கத்தில் கூட்டம் மரம் விட்டு மரம் தாவி ஆற்றைக் கடந்தது. மந்தியும் கிளம்பியது. கரையோர மரத்தில் பாதி ஏறுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கியது. கண் இருட்டியது. இறங்கிவிட்டது. மற்றவை சிறிது நேரம் அக்கரைக் கிளைகளில் காத்திருந்தன. பிறகு போய்விட்டன.

வளைவில் கார்கள் நிற்கும். வருகிறவர்கள் சிப்ஸ், மிக்சர், முறுக்கு என்று வீசுவார்கள். மந்தி ஓடிப்போய் இரண்டு கன்னங்களிலும் அடைத்துக்கொள்ளும். இருட்டியதும் அதன் நெஞ்சு படபடவென்று அடிக்கும். 'கூட்டத்தை நினைத்து ஏங்குகிறேன்' என்று எண்ணிக்கொள்ளும். ஆறுதலுக்குக் கன்னத்திலிருந்து ஒரு சிப்ஸை எடுத்துக் கடிக்கும். படபடப்பு அடங்காது. இன்னொன்றைக் கடிக்கும்.

பக்கத்து மரத்தில் ஒரு மலையணில் இருந்தது.

"என்னக்கா, கன்னம் ரெண்டும் பலாக்காய் மாதிரி இருக்கு! பல்வலியா?"

"போடா வாலு! நெஞ்சு அடிச்சுக்குது. தூக்கமே இல்லை. எல்லாம் ஏக்கம்!"

"ஏக்கமா? நேத்து முறுக்கு வீசினதும் ஓடினியே, அப்பவும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தே. அது யாரை நினைச்சு?"

மந்திக்குக் கோபம் வந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டது.

"மழை வந்தா கூட்டம் மேல்மலைக்குப் போயிடும், அக்கா. ஆறும் பெருகிடும். அப்புறம் சத்தம்கூடக் கேக்காது."

"அதுக்கு நான் என்ன செய்ய? மரம் ஏற முடியலையே!"

"வாயில இருக்கிற உப்பு மூட்டையை முதல்ல துப்பு! இன்னைக்கு இந்தத் தாழ்ந்த கிளை வரைக்கும் வா, போதும்."

மந்தி துப்பியது. தாழ்ந்த கிளைக்கு ஏறியது. அதற்கே மூச்சு இளைத்தது.

அன்றிலிருந்து காலையில் கிளை கிளையாக ஏறிப் பழகியது. தளிரும் அத்திப்பழமும் தேடித் தின்றது. முதலில் எல்லாம் சப்பென்று இருந்தது. கார் விளக்குகள் படாத கிளைக் கவட்டையில் படுத்தது. கடிக்க எதுவும் இல்லாத இருட்டு இன்னும் நீளமாகத் தெரிந்தது. ஒருநாள் தாங்காமல் ஓடிப்போய், வீசிய சிப்ஸ் முழுவதையும் தின்றுவிட்டது. மலையணில் பார்த்தது. வாலைச் சுருட்டிக்கொண்டு மேலே போய்விட்டது. கேலி செய்திருந்தால்கூட மந்திக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"உனக்குத் தனியா இருக்கக் கஷ்டமா இல்லையா?" என்று மறுநாள் மந்தி கேட்டது.

"நாங்க தனியாவே இருக்கிற சாதி. உங்களுக்குத்தான் பேன் பார்க்கக்கூட ஆள் வேணும்!"

மந்தி சிரித்துவிட்டது. சிரித்தபடியே அன்று மரத்தில் பாதிக்கு மேல் ஏறியிருந்தது.

ஒரு காலை, மேகம் கறுத்து முதல் தூறல் விழுந்தது. மந்தி ஆற்றோர மரத்தின் உச்சிக்கு ஏறியது. மூச்சு வாங்கியது, கண் இருட்டவில்லை.

"தாவு, அக்கா!" என்று மலையணில் கத்தியது.

தாவியது. அக்கரைக் கிளை வளைந்தது, முறியவில்லை.

ஆனால் அங்கே யாரும் இல்லை. தரையில் பழத்தோல்கள் கிடந்தன. மேகம் கறுத்ததுமே கூட்டம் மேல்மலைக்குப் போய்விட்டிருந்தது. மழை இலைகளில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிவிடலாமா என்று மந்தி ஆற்றைப் பார்த்தது. பிறகு மலையைப் பார்த்தது. ஏறத் தொடங்கியது. இளைத்த இடத்தில் உட்கார்ந்தது. எழுந்து மறுபடி ஏறியது.

வெளிச்சம் மங்கும் நேரத்தில், ஒரு பாறையில் நனைந்தபடி குரங்குகள் நெருங்கி உட்கார்ந்திருந்தன. ஓரத்தில் இருந்த ஒன்று திரும்பிப் பார்த்தது.

"அடி, நீயா! இவ்வளவு தூரம் எப்படி ஏறினே?"

"மெதுவாத்தான்" என்றது மந்தி.

அந்தக் குரங்கு நகர்ந்து இடம் கொடுத்தது. வேறு எதுவும் கேட்காமல் மந்தியின் ஈர முடியை விலக்கிப் பேன் பார்க்க ஆரம்பித்தது.

உறவைத் தேடிப் போவதற்கும் நெஞ்சில் வலு வேண்டும். அந்த வலு அன்றாடம் நாம் உண்பதிலும் நடப்பதிலும் உறங்குவதிலும்தான் சேர்கிறது.