எல்லாம் திறக்கும் பட்டியல்

குரு ரூபவதிக்கு முப்பத்து நாலு வயது. சீடர் மாசிலாமணிக்கு ஐம்பத்தாறு. அந்த ஆஸ்பத்திரியில் அப்படித்தான் வாய்த்தது.

நோயாளிகளின் ஃபைல்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டன. ரெக்கார்டு ரூமைப் பூட்டிவிட்டு மாசிலாமணி புது வேலை கற்க வந்தார். ஊழியர் ஒவ்வொருவருக்கும் கணக்கு தொடங்கி, எந்த ஃபைல் திறக்கலாம் என்று அனுமதி போடும் வேலை.

ரூபவதி சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். "செய்யிற வேலைக்கு என்ன வேணுமோ, அது மட்டும் திறக்கணும்."

மாசிலாமணி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நர்சுக்கு அவள் வார்டு. மருந்தகத்துக்கு மருந்துச் சீட்டு. பெரிய டாக்டரின் உதவியாளர் கெஞ்சியபோதுகூட, "போய் வேலையைப் பாருய்யா" என்று விரட்டிவிட்டார்.

புதன்கிழமை மத்தியானம் நாற்காலியை ரூபவதி பக்கம் இழுத்துப்போட்டார்.

"டீச்சரம்மா, எனக்கு மட்டும் எல்லா ஃபைலும் திறக்கிற மாதிரி பண்ணிக் கொடுங்க."

"எதுக்கு?"

"பொறுப்புல இருக்கிறவன். நாலும் தெரிஞ்சிருக்கணும்ல?"

"எதுக்கு, சார்?"

மாசிலாமணி கதவைப் பார்த்தார். குரலைத் தணித்தார்.

"வெள்ளிக்கிழமை பையனுக்கு நிச்சயதார்த்தம். பொண்ணு நம்ம மருந்தகம் தங்கப்பழம் மக. போன வருஷம் இங்கதான் ஒரு மாசம் படுத்திருந்தாளாம். காய்ச்சல்ங்கிறாங்க. ஒரு மாசமா காய்ச்சல்?"

"கேளுங்க."

"கேட்டா சொல்லுவாங்களாக்கும்!"

ரூபவதி திரையில் ஒரு பட்டியலைத் திறந்தாள். எல்லா ஃபைலும் திறக்கும் பட்டியல். மாசிலாமணி என்று தட்டினாள். அவர் முகம் மலர்ந்தது.

கீழே இன்னொரு பெயரும் தட்டினாள். தங்கப்பழம், மருந்தகம்.

"இவர் எதுக்கு?"

"காலையில வந்தார். உங்க பையனைப் பத்திப் பார்க்கணுமாம். இதே இடத்துல உட்கார்ந்தார். இதே மாதிரி கதவைப் பார்த்தார்."



மாசிலாமணியின் பையனுக்குப் பதினாறு வயதில் வலிப்பு வந்தது. தங்கப்பழம் வேலைக்குச் சேருமுன், மூன்று வருடம் இங்கேதான் மாத்திரை வாங்கினார்கள். பெண் வீட்டில் அதைச் சொல்லவில்லை.

"சேமிக்கட்டுமா, சார்?"

"இரும்மா, இரும்மா. அதுல ஒரு பேரை எடுத்துடுங்க."

அவள் கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள். "நீங்களே எடுங்க."

கீழே இருந்த பெயரை அழித்தார். தன் பெயர் மட்டும் தனியாக நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு அதையும் அழித்தார்.

எழுந்து வாசல்வரை போனார். திரும்பினார்.

"தங்கப்பழம் இப்போ டூட்டியில இருப்பாரா?"

"இருப்பார்."

"கேட்டா உள்ளதைச் சொல்லுவாரா, டீச்சரம்மா?"

"நீங்க சொல்லிட்டுக் கேளுங்க."