பேரலகனாருக்கு இரங்கல் கூட்டம்

ஆம்பல் குளத்தின் சபை உறுப்பினர் பேரலகனார் ஒரு கூழைக்கடா; பை தொங்கும் பெரிய அலகால் மீன் பிடித்துத் தின்னும் பறவை. காட்டுச் சபை மலையுச்சியில்தான் கூடும். அவ்வளவு உயரம் ஏறிப்போகத் தவளையால் ஆகுமா, ஆமையால் ஆகுமா? அதனால் பறக்கத் தெரிந்தவர் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு தடவையோடு நிற்கவில்லை. தேர்தல் வந்தபோதெல்லாம் அவரேதான். மீன்களுக்கு மட்டும் இதில் கொஞ்சம் மனத்தாங்கல். ஆனால் மீன்களை யாரும் கேட்கவில்லை.

பேரலகனாரிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. குளத்தில் சாவு விழுந்தால் மாலையோடு முதல் ஆளாக வந்து நிற்பார். கண் கலங்குவார். உருக்கமாக நாலு வார்த்தை பேசுவார்.

"எங்க மாமனார் சாவுக்கு அவரே நேர்ல வந்தாரு!" என்று ஒரு நண்டு குளமெல்லாம் சொல்லித் திரிந்தது. சொன்னதோடு விட்டதா? அடுத்த தேர்தலில் குடும்பத்தோடு போய் அவருக்கே ஓட்டும் போட்டது. குளம் முழுக்க இதே கதைதான். செத்தவர்கள் வீட்டுக்கு அவர் தவறாமல் வந்தார். உயிரோடு இருந்தவர்களுக்குத்தான் அவரைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அந்தக் கோடையில், காற்றில் சாய்ந்த மருதமரம் ஒன்று குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை அடைத்துக்கொண்டது. குளம் வற்றத் தொடங்கியது. பச்சையம்மாள் என்ற தவளையின் குஞ்சுகள் ஒரு மூலைக் குட்டையில் மாட்டிக்கொண்டன. எல்லாம் கால் முளைக்காத தலைப்பிரட்டைகள். தண்ணீர் போனால் அவையும் போய்விடும்.

மரத்தை நகர்த்தக் கொம்பன் யானையால்தான் முடியும். கொம்பனிடம் வேலை சொல்லச் சபை உறுப்பினருக்கு மட்டுமே அதிகாரம் என்பது காட்டு வழக்கம். பச்சையம்மாள் தத்தித் தத்திப் பேரலகனாரின் இலுப்பை மரத்துக்குப் போனாள். கீழ்க்கிளையில் அவருடைய உதவியாளர் காகம் உட்கார்ந்திருந்தது.

"ஐயாவைப் பாக்கணுங்க!"

"ஐயா சபைக்குப் போயிருக்காரு!"

மறுநாளும் போனாள்.

"ஐயா குளிக்கிறாரு!"

"குளத்துலயே தண்ணி இல்ல. எங்க குளிக்கிறாரு?"

"அதெல்லாம் நீ கேக்கக் கூடாது!"

அதற்கு அடுத்த நாளும் விடவில்லை.

"அடடா, இப்பத்தான் கிளம்பிப் போனாரு! கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

"சரிங்க. எப்ப வந்தா பாக்கலாம்?"

காகம் சலித்துக்கொண்டது. "ஏம்மா இப்படி உயிரை வாங்குற? யாராச்சும் செத்தா சொல்லி அனுப்பு. ஐயா உடனே வருவாரு!"

பச்சையம்மாள் இதை அப்படியே வந்து ஆமையிடம் சொன்னாள். ஆமை யோசித்தது.

"நான் வேணும்னா செத்த மாதிரி படுத்துக்கட்டுமா, தங்கச்சி? தலையை ஓட்டுக்குள்ள இழுத்துக்கிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"வேணாண்ணே. அவரு மாலையைப் போடுவாரு, பேசுவாரு, பறந்துடுவாரு. நம்மளைப் பேச விடவே மாட்டாரு. நம்ம குளத்துல ஒருத்தரை ரொம்ப நாளாக் கண்ணுல காணோம்ல? அவருக்கே காரியம் பண்ணிடுவோம்!"

ஆமைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் கரையெல்லாம் ஒரே ஒப்பாரி! "குளத்துல ஒரு பெரிய சாவு!" என்று காகத்துக்குச் சேதி போனது. நிழல் சுருங்குவதற்குள் பேரலகனார் ஆம்பல் மாலையோடு வந்து இறங்கிவிட்டார். யார் எவர் என்று கேட்கவில்லை. ஒரு கல்லின் மேல் ஏறி நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்னாரின் மறைவு எனக்குத் தனிப்பட்ட முறையில் பேரிழப்பு! நேற்றுக்கூட அவரோடு மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்தேன்! இந்தக் குளத்துக்காகவே வாழ்ந்தவர்! யாரும் எந்நேரமும் போய்ப் பார்க்கக்கூடிய எளியவர்! அவர் விட்டுச்சென்ற இடத்தை யாராலும் நிரப்ப முடியாது!"

கூட்டம் ஓவென்று அழுதது. சிரிப்பை அடக்க முடியாத தவளைகள் சேற்றுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டன. பேரலகனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆமையின் பக்கம் குனிந்தார்.

"ஆமா... இறந்தது யாரு?"

"நம்ம உறுப்பினர் பேரலகனாருங்க!"

அவருடைய தாடைப் பை தொங்கிப்போயிற்று.

"யோவ்! அது நான்தான்யா! உசிரோடதானே நிக்கிறேன்!"

"அப்படிங்களா?" ஆமை அவரை ஏற இறங்கப் பார்த்தது. "உசிரோட இருந்தா கூப்பிட்டதுக்கு வந்திருப்பாரே! நாள் தவறாமக் கூப்பிட்டோம், வரல. சரி, போய்ச் சேந்துட்டாருன்னு முடிவு பண்ணிட்டோம். நாளைக்கு இடைத்தேர்தல்!"

சாவைக் கேட்டுக் கலங்காதவர் இடைத்தேர்தலைக் கேட்டுக் கலங்கிவிட்டார். "இது சதி! என் வளர்ச்சியைப் பொறுக்காதவர்களின் சதி!" என்று சிறகை அடித்தார்.

பச்சையம்மாள் முன்னால் வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"ஐயா, என் பிள்ளைங்க சேத்துல கிடந்து துடிக்குதுங்க. வாய்க்கால்ல விழுந்த மரத்தைக் கொம்பன்தான் எடுக்கணும். செத்தவரால கொம்பன்கிட்டப் பேச முடியாது. உசிரோட இருக்கறவரால முடியும். நீங்க யாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

"சபைக் கூட்டம் முடியட்டும். ஆவன செய்கிறேன்..."

பச்சையம்மாள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "அழுங்க!"

ஒப்பாரி முன்னைவிட உரக்கக் கிளம்பியது. பேரலகனார் பதறியடித்துப் பறந்தார்.

உச்சிவெயில் வருவதற்குள் கொம்பன் வந்துவிட்டது. மருதமரத்தைத் துதிக்கையால் சுற்றி ஒரே இழுப்பாக இழுத்துக் கரையில் போட்டது. வாய்க்காலில் தண்ணீர் திரண்டு வந்தது. குட்டை நிரம்பியது. வாலை ஆட்டிக்கொண்டு குஞ்சுகள் நீந்தியதைப் பார்த்த பச்சையம்மாள், காலையிலிருந்து பொய்யாக அழுதவள், இப்போது நிஜமாகவே அழுதாள்.

பேரலகனார் மார்பை நிமிர்த்திக்கொண்டு கல்லின் மேல் ஏறினார். "பார்த்தீர்களா! உங்கள் உறுப்பினர் கொண்டுவந்த தண்ணீர்!"

கொம்பன் துதிக்கையில் ஒட்டிய சேற்றை உதறியபடி கேட்டது. "உறுப்பினர்னு இவரு வந்து சொன்னாரே, நிஜந்தானா? ஆம்பல் குளத்துக்கு ஆளே போடலைன்னுல்ல நான் நினைச்சிருந்தேன்! சபையில அந்த இடம் எப்பவும் காலியாத்தானே கிடக்கு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மரம் விழுந்த அன்னைக்கே வந்திருப்பேனே!"

"சபைக்குப் போயிருக்காரு" என்று கதை விட்ட காகத்தை எல்லாரும் பார்த்தார்கள். காகம் வானத்தைப் பார்த்தது.

"நாளைக்கு இடைத்தேர்தல் உண்டு," என்றது ஆமை.

"நான்தான் உயிரோடு இருக்கிறேனே!"

"அதனால என்னங்க? உசிரோட இருக்கறவங்களும் நிக்கலாம்!"

அன்று பொழுது சாயும்வரை பேரலகனார் வளை வளையாக ஏறி இறங்கிக் கும்பிட்டார். தலைப்பிரட்டைகளைத் தூக்கிக் கொஞ்சப்போனார். அவருடைய அலகின் அளவைப் பார்த்துத் தாய்மார்கள் தடுத்துவிட்டார்கள்.

தேர்தலில், குளத்திலேயே முங்கி முங்கி நீந்தும் முக்குளிப்பான் அவரை எதிர்த்து நின்று ஜெயித்தது. மலைக்குப் பறப்பதில் அந்தச் சின்னப் பறவை கொஞ்சம் சுமார்தான். வழியில் நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போகும். ஆனால் குளத்தில் யார் கூப்பிட்டாலும் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி, "என்ன?" என்று கேட்கும்.

தோற்றுப்போன பேரலகனார் இலுப்பை மரத்தில் சோர்ந்து உட்கார்ந்திருந்தார். காகம் பக்கத்தில் வந்து ஆறுதல் சொன்னது.

"மனசை விட்டுடாதீங்க ஐயா! ஓட்டு குறைஞ்சா என்ன? உங்க சாவுக்கு வந்த கூட்டம் மாதிரி இந்தக் குளத்துல வேற யாருக்குமே வந்ததில்ல!"

கூப்பிட்ட குரலுக்கு வராத தலைவர் எத்தனை காலம் பதவியில் இருந்தாலும், அவரைத் தேர்ந்தெடுத்தவர்களைப் பொறுத்தவரை இல்லாதவரே.