இருட்டிலும் தெளிந்த தண்ணீர்

நொய்யல் கரையோரக் கல்லூரி ஒன்றில் சிஸ்டர் லூர்தம்மாள் வேதியியல் பேராசிரியை. அவரிடம் ஆராய்ச்சி செய்துவந்த ஜெசிந்தாவுக்கு அன்று காலையிலிருந்தே சோறு இறங்கவில்லை.

தேங்காய்த்தொட்டிக் கரியில் துத்தநாக ஆக்சைடுப் பொடி கலந்து, மலிவாக ஒரு மருந்து செய்திருந்தாள். வெயில் பட்டதும் அது சாயத்தை உடைத்துப்போட வேண்டும். சிவப்புச் சாயநீரில் கலந்து மொட்டைமாடியில் வைத்தாள். தண்ணீர் பளிங்காகிவிட்டது.

சாயப்பட்டறை நாச்சிமுத்து பீக்கரைத் தூக்கிப் பார்த்தார். "அட, டீயே போடலாமாட்ட இருக்குதுங்களே! ஒரு வார்த்தை சொல்லுங்க. பட்டறைக் கழிவுத் தொட்டியில பொடியக் கலக்கி, சாயங்காலமே அப்படியே வாய்க்கால்ல திறந்து விட்டர்றேன்."

"டீ போடுங்க. முதல் கிளாஸ் உங்களுக்குத்தான்," என்றார் சிஸ்டர்.

நாச்சிமுத்து பீக்கரைக் கீழே வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனார்.

தொட்டித் தண்ணீர் ஓடும் வாய்க்கால், ஜெசிந்தா வீட்டுக் கிணற்றை ஒட்டித்தான் போகிறது. அந்தக் கிணற்று நீரில்தான் கைக்குழந்தைக்குப் பால் கரைக்கிறாள்.

"நல்லாத்தானே வந்திருக்கு, சிஸ்டர்? ஏன் எனக்கு இன்னும் மனசு ஒப்பலை? பிள்ளை பெத்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் பயம். இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ?"

சிஸ்டர் அதே சாயநீரில் அதே பொடியை இன்னொரு பீக்கரில் கலக்கினார். கறுப்புத் துணி சுற்றி அலமாரிக்குள் வைத்தார்.

"உள்ளே வெயிலே படாதே."

"படக் கூடாது."

"அப்போ தெளியாது, சிஸ்டர்."

"பார்ப்போம். நீ போய்ப் பிள்ளையைப் பார்த்துட்டு வா."

அவள் திரும்பி வந்ததும் சிஸ்டர் துணியைப் பிரித்தார். அந்தத் தண்ணீரும் பளிங்காக இருந்தது.

ஜெசிந்தா இரண்டு பீக்கரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அப்போ சாயம் எங்கே போச்சு?"

மாடியில் வைத்த பீக்கரின் அடியில் கிடந்த பொடியை வடிகட்டி, சிஸ்டர் அதன் மேல் ஸ்பிரிட் ஊற்றினார். சிவப்பாகச் சொட்டியது.

"உடையவே இல்லை! கரி உறிஞ்சி வச்சிருக்கு. திறந்துவிட்டிருந்தா பொடியோட சாயமும் எங்க கிணத்துக்கே வந்திருக்கும். இருட்டில வச்சுப் பார்க்காம நேரா வெயிலுக்குத் தூக்கிட்டுப் போயிட்டேனே!"

ஓடிப்போய் நாச்சிமுத்துவிடம், "திறக்காதீங்கண்ணா, இன்னும் ஆகலை," என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

உள்ளே வந்து சுவரில் சாய்ந்தாள்.

"இந்தப் பயம் எப்போதான் சிஸ்டர் என்னை விட்டுப் போகும்?"

சிஸ்டர் பீக்கரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பயமில்லாம நீ வந்திருந்தா, நானும் அவர்கிட்ட சரின்னு சொல்லியிருப்பேன்மா."