தனிப் பெயர் கேட்ட மவுஸ்கள்

கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனால் வேலை வாசலில் வந்து நிற்கும் என்று ஊர் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், கள்ளக்குறிச்சி கடைத்தெரு மாடியில் ஒரு பயிற்சி நிலையம் இருந்தது. நடத்தியவர் தணிகாசலம். மேசைக்கு ஒன்றாக அங்கே மவுஸ்கள் உட்கார்ந்திருந்தன. புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒரு சுண்டெலி, கண் திறக்காத குட்டிகளோடு குடியிருந்தது.

இரண்டு தரப்புக்கும் பகை கிடையாது. உருவத்தைப் பார்த்து வைத்த பெயர்தானே. சுண்டெலி முதல் மேசை மவுஸை "அண்ணே" என்று கூப்பிடும். மவுஸும் "என்னம்மா" என்று கேட்கும்.

ஒருநாள் செவ்வந்தி டீச்சர் பாடத்துக்கு நடுவில் சொன்னாள். "எலி ஒண்ணுன்னா மவுஸ். நிறைய இருந்தா மைஸ்."

"அப்போ இந்த மவுஸ் நிறைய இருந்தா, மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அதையும் மைஸ்னு சொல்றாங்க. சில பேர் மவுஸஸ்ங்கறாங்க. பழைய வார்த்தை, புதுச் சாமான். இன்னும் முடிவாகல."

அவ்வளவுதான். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவற்றுக்கு வாழ்வுகூட வரவில்லை, வரும்போல ஒரு வதந்திதான் வந்தது. அதற்கே குடையை விரித்துவிட்டன.

"மைஸ்னா சாக்கடையில ஓடற கூட்டம்" என்றது முதல் மேசை மவுஸ். "நாம மவுஸஸ். இனிமே அலமாரிப் பக்கம் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

மற்றவை வயரை ஆட்டி ஆமோதித்தன. பெயரைப் பதிந்துகொள்ளச் சொல்லி அலமாரியிலிருந்த தடித்த ஆங்கில அகராதிக்கு உத்தரவு போனது.

அகராதி கொட்டாவி விட்டது. "நான் பேர் வைக்கிறவன் இல்ல. ஜனங்க சொல்றதைக் கேட்டு எழுதறவன். ரெண்டும் நடமாடுது, ரெண்டையும் எழுதியாச்சு. போய் வேலையைப் பாருங்க."

ஆயுத பூஜை வந்தது. அதற்கு முந்தின நாள் தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒட்டடை அடிக்க இறங்கினார். "அலமாரிக்குப் பின்னால எலி இருக்குது டீச்சர். சாப்பிட்டு வந்து அதை நகர்த்திட்டு, பசை அட்டை வச்சிடலாம்."

சுண்டெலிக்கு உயிரே போய்விட்டது. மேசைக்கு ஓடியது. "அண்ணே, உங்க டிராயர்ல ஒரு மூலை குடுங்க. புள்ளைங்க இன்னும் கண்ணு முழிக்கல. பூஜை முடிஞ்சதும் தூக்கிட்டுப் போயிடறேன்."

"யாருக்கு யாரு அண்ணன்? நீங்க மைஸ். நாங்க மவுஸஸ்."

"பேரு எப்படியோ போகட்டும் அண்ணே. புள்ளைங்க செத்துப்போகும்."

"அது எலிங்க விவகாரம்" என்றது மவுஸ். எழுதும் எனக்கே கை கூசுகிறது. அதற்குக் கூசவில்லை.

அகராதிதான் கூப்பிட்டது. "ஏய், இங்க வா. என் கடைசிப் பக்கங்களை ஏற்கெனவே குடைஞ்சு வச்சிருக்கியே, அதுக்குள்ள போடு. இசட் பக்கத்துக்கு இந்த ஊர்ல எவன் வரப்போறான்?"

மறுநாள் அகராதியைத் தூக்கி, மற்றப் புத்தகங்களோடு சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் தெளித்துக் குங்குமம் இட்டார்கள். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள்வரை யாரும் தொடக் கூடாது. மற்ற நாளிலும் தொடாதவர்களுக்கு அது பெரிய கஷ்டமில்லை. குட்டிகள் நிம்மதியாகத் தூங்கின. தாய் படையல் பொரியைத் தின்று பால் கொடுத்தது. பசை அட்டையில் ஒரு கரப்பான் மட்டும் மாட்டியது.

மவுஸ்களின் முதுகிலும் பொட்டு வைத்தார்கள். முதல் மேசை மவுஸுக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா எங்க மரியாதையை? உங்க கூட்டத்துல யாருக்காவது பொட்டு உண்டா?"

சுண்டெலி தலையைத் திருப்பிப் பார்த்தது. பக்கத்துப் படத்தில் பிள்ளையார் காலடியில் உட்கார்ந்திருந்த எலிக்கும் அதே சந்தனம், அதே குங்குமம். அதன் முன்னால்தான் தணிகாசலம் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார்.

விடிந்தால் விஜயதசமி. விடியுமுன்னே சுண்டெலி குட்டிகளைக் கவ்விக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்துக்குப் போய்விட்டது. நல்ல நாளில் தொடங்கவேண்டும் என்று தணிகாசலம் புது லேப்டாப்புகளை இறக்கினார்.

"விரலால தடவினாப் போதும் டீச்சர், அம்பு தானா நகருது."

"மவுஸெல்லாம் என்ன சார் பண்றது?"

"கழட்டிக் கட்டிப் போடுங்க."

அவரவர் வயரை அவரவர் கழுத்திலேயே சுற்றிச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டிப் படிக்குக் கீழே தள்ளினார்கள். முதுகில் பொட்டு இன்னும் அழியவில்லை. மேசைக்கு ஒன்றாக விறைப்பாக இருந்தவை ஒரே இடத்தில் கூட்டமாகச் சேர்ந்தது அன்றுதான்.

சாக்குக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அம்மா சுண்டெலி... இந்தக் கயித்தைக் கொஞ்சம் கடிச்சு விடும்மா. அண்ணன் கேக்கறேன்."

சுண்டெலி பொந்திலிருந்து எட்டிப் பார்த்தது. "கடிக்கிறேன் அண்ணே. வெளிய வந்து எங்க போவீங்க?"

மவுஸ் யோசித்தது. எல்லா மவுஸ்களும் யோசித்தன. அதற்குள் வாசலில் பழைய சாமான்காரரின் தராசுச் சத்தம் கேட்டது. சுண்டெலி உள்ளே மறைந்தது.

"இந்த மூட்டையில என்ன சார்?"

தணிகாசலம் மாடியிலிருந்தே குரல் கொடுத்தார்.

"குப்பைதாம்பா. தூக்கிட்டுப் போ."